மெயில் வந்தது மார்ச் 6, அக்செஸ் காட்டுவது ஜூன் 3

கேள்வி: திருப்பூரில் ஒரு பின்னலாடை ஏற்றுமதி நிறுவனத்தின் மெர்ச்சன்டைசிங் பிரிவில் வேலை செய்கிறேன். ஜெர்மனி, அமெரிக்க பையர்களின் மெயில்களை மைக்ரோசாஃப்ட் அக்செஸ் டேபிள் ஒன்றில் சேர்த்து, எத்தனை மணி நேரத்தில் பதில் அனுப்பினோம் என்று வாரா வாரம் அறிக்கை எடுக்கிறோம். பாதி மெயில்கள் அவுட்லுக் மேக்ரோ வழியாக நேராக டேபிளுக்கு வருகின்றன. மீதி பவர் ஆட்டோமேட் (வேலைகளைத் தானாகச் செய்துவிடும் மைக்ரோசாஃப்ட் சேவை) வழியாக ஒரு எக்ஸெல் ஃபைலில் விழுந்து அங்கிருந்து வருகின்றன. தேதிகள் எல்லாம் குழம்பிக் கிடக்கின்றன. மார்ச் 18 மெயில் சரியாக இருக்கிறது, மார்ச் 6 மெயில் ஜூன் 3 என்று நிற்கிறது. சில மெயில்கள் முந்தைய நாள் தேதியில் போய் உட்காருகின்றன. அனுப்பாத டிராஃப்ட்டுகளுக்கு 4501-ஆம் ஆண்டு காட்டுகிறது. பழைய சர்வரிலிருந்து மாற்றிக்கொண்டு வந்த மெயில்கள் எல்லாவற்றுக்கும் ஒரே தேதி. குவெரியில் ஐந்தரை மணி நேரம் கூட்டிப் பார்த்தேன். சில சரியானது, சரியாக இருந்த சில கெட்டுப்போயின. எங்கே தவறு?

பதில்: முதல் வேலையாக அந்த ஐந்தரை மணி நேரக் கூட்டலை எடுத்துவிடுங்கள். உங்கள் டேபிளில் இருப்பது ஒரு கோளாறு அல்ல, நான்கு. அவற்றில் ஒன்றுக்குத்தான் ஐந்தரை மணி மருந்து. எல்லா ரெக்கார்டுக்கும் சேர்த்துக் கூட்டினால், மேக்ரோ சரியாகப் பதிந்த மாலை 6.30-க்குப் பிந்தைய மெயில்கள் மறுநாளுக்குத் தாவிவிடும். நீங்கள் ‘கெட்டுப்போயின’ என்று சொல்வதில் பெரும்பகுதி இதுவாகத்தான் இருக்கும்.

தேதிக் கோளாறில், எவ்வளவு தள்ளிப் போயிருக்கிறது என்பதே என்ன கோளாறு என்பதைச் சொல்லிவிடும். அதனால் எதையும் திருத்துவதற்கு முன் வித்தியாசத்தை அளந்துவிடுங்கள்.

அக்செஸ் ஃபைலை ஒரு நகல் எடுத்து வைத்துவிட்டுத் தொடங்குங்கள். பத்துப் பன்னிரண்டு மெயில்களைப் பொறுக்குங்கள். ஆனால் கண்ணை மூடிக்கொண்டு பொறுக்க வேண்டாம். தேதி 12-க்குள் இருப்பவை சில, 13-க்கு மேல் சில, இந்திய நேரப்படி நள்ளிரவு 12-க்கும் காலை 5.30-க்கும் இடையில் வந்தவை சில, சர்வர் மாற்றிய பழைய மெயில் இரண்டு என்று கலந்து எடுங்கள். இரண்டு வழியில் வந்தவையும் அதில் இருக்க வேண்டும்.

ஒவ்வொன்றுக்கும் உண்மையான நேரம் எது என்று எங்கே பார்ப்பது? அவுட்லுக் பட்டியலில் தெரியும் தேதியும் ஒரு நிரலின் கணக்குதான், அதோடு நின்றுவிடாதீர்கள். மெயிலைத் தனி ஜன்னலில் திறந்து, ஃபைல், பிறகு ப்ராப்பர்ட்டீஸ் அழுத்துங்கள். அடியில் இன்டர்நெட் ஹெடர்ஸ் என்ற பெட்டி இருக்கும். அதில் ‘டேட்’ என்று தொடங்கும் வரி, அனுப்பியவரின் பக்கத்தில் போடப்பட்டது. ‘ரிசீவ்டு’ என்று தொடங்கும் வரிகள், மெயில் கடந்து வந்த ஒவ்வொரு சர்வரும் போட்ட முத்திரைகள். ஒவ்வொரு சர்வரும் தன் வரியை மேலே சேர்க்கும். ஆக, மேலே முதலில் இருப்பதுதான் கடைசிச் சர்வர், அதாவது உங்கள் பெட்டிக்கு வந்து சேர்ந்த நேரம். ஒவ்வொரு நேரத்துக்கும் பின்னால் +0100, +0530, +0000 போன்ற எண் ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கும். இந்த எண் இல்லாமல் நேரத்தை மட்டும் பார்த்தால் அதற்குப் பொருளே இல்லை.

உங்கள் மார்ச் 6 மெயிலையே எடுத்துக்கொள்வோம். ஜெர்மனி பையர் 2024 மார்ச் 5 செவ்வாய் இரவு 8.10-க்கு அனுப்பியதாக வைத்துக்கொள்வோம். அப்போது ஜெர்மனி நேரம் +0100. உலகப் பொது நேரமான யூடிசி-யில் அது மார்ச் 5 இரவு 7.10. திருப்பூரில் மார்ச் 6 அதிகாலை 12.40. இனி அக்செஸுக்குள் இந்த மெயில் என்னவாக இருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

அக்செஸ் தேதியை ஒரு பின்ன எண்ணாக வைத்திருக்கிறது. முழு எண், 1899 டிசம்பர் 30-லிருந்து எத்தனை நாள் என்பது. தசமத்துக்குப் பின்னால் இருப்பது, அந்த நாளின் எவ்வளவு பகுதி கழிந்தது என்பது. கண்ட்ரோல்+ஜி அழுத்தி இமீடியட் ஜன்னலைத் திறந்து, அந்த ஃபீல்டின் மதிப்பை சிடிபிஎல் என்ற ஃபங்ஷனால் எண்ணாக மாற்றிப் பாருங்கள். மார்ச் 6, 00:40 என்றால் 45357.0278 வர வேண்டும். 45446.0278 வந்தால் அது ஜூன் 3, 00:40: நாளும் மாதமும் இடம் மாறியிருக்கின்றன, நேரம் அப்படியே இருக்கிறது. 45356.7986 வந்தால் மார்ச் 5, 19:10: நேரம் யூடிசி-யிலேயே நின்றுவிட்டது. எண்ணைப் பார்க்கும்போது டிஸ்ப்ளே ஃபார்மட் குறுக்கே வராது. ‘தேதி தப்பாகத் தெரிகிறதா, தப்பாகவே பதிந்திருக்கிறதா’ என்ற சந்தேகம் அங்கேயே தீர்ந்துவிடும். எண்ணே வராமல் டைப் மிஸ்மேட்ச் என்ற பிழை வந்தால், அந்த ஃபீல்டு தேதி வகையே அல்ல, ஷார்ட் டெக்ஸ்ட். டேட்டாஷீட்டில் தேதி வலப்பக்கம் ஒட்டாமல் இடப்பக்கம் ஒட்டி நிற்பதும் அதற்கு அடையாளம்.

வித்தியாசத்தை நிமிடத்தில் எடுங்கள். ஃபீல்டின் நேரம் சரியாக 330 நிமிடம் பின்தங்கியிருந்தால் யூடிசி கோளாறு. நாளும் மாதமும் மட்டும் மாறி, மணி நிமிடம் அப்படியே இருந்தால் எஸ்க்யூஎல் (டேபிளுக்குக் கட்டளையிடும் மொழி) வரியின் கோளாறு. 810 நிமிடம், அதாவது பதின்மூன்றரை மணி நேரம் (அமெரிக்கக் கோடைக்கால நேரம் நடக்கும் மாதங்களில் 750) பின்தங்கியிருந்தால், அந்தக் கம்ப்யூட்டரின் டைம் ஸோன் அமெரிக்க பசிஃபிக் நேரத்தில் இருக்கிறது. விண்டோஸ் புதிதாகப் போடும்போது டைம் ஸோனை மாற்றாமல் கடிகாரத்தை மட்டும் கையால் நகர்த்திச் சரிசெய்துவிட்டுப் போயிருப்பார்கள். கீழ் மூலையில் மணி சரியாகத் தெரியும், மெயில் நேரம் மட்டும் உதைக்கும். விண்டோஸ் செட்டிங்ஸில் டைம் அண்ட் லாங்வேஜ் பகுதிக்குப் போய் சென்னை, கொல்கத்தா, மும்பை, புது தில்லி என்ற +05:30 ஸோனைத் தேர்ந்து, நேரத்தைத் தானாகச் சரிசெய்யும் வசதியையும் ஆன் செய்யுங்கள். மேக்ரோ ஓடும் கம்ப்யூட்டர்கள் எல்லாவற்றிலும் இதைப் பார்த்துவிடுவது நல்லது. எக்ஸெல் வழியாக வந்த தேதி சரியாக 1462 நாள், அதாவது நான்கு ஆண்டும் ஒரு நாளும் தள்ளியிருந்தால், அந்த ஃபைல், நாட்களை 1904-லிருந்து எண்ணும் 1904 தேதி முறையில் இருக்கிறது.

இப்போது மார்ச் 6, ஜூன் 3 விவகாரம். உங்கள் மேக்ரோ, டேபிளில் ரெக்கார்டு சேர்க்கும் இன்சர்ட் வரியை எழுத்துத் தொடராக ஒட்டித் தயாரிக்கிறது என்று நினைக்கிறேன். மெயிலின் ரிசீவ்டுடைம் மதிப்பை இரண்டு # குறிகளுக்கு நடுவே வைத்து, & போட்டு ஒட்டியிருப்பீர்கள். அப்படி ஒட்டும்போது விபிஏ (மேக்ரோ எழுதும் மொழி) அந்தத் தேதியை விண்டோஸ் ரீஜனல் செட்டிங்கின்படி எழுத்தாக மாற்றும். இந்திய அமைப்பில் அது 06-03-2024. ஆனால் அக்செஸின் எஸ்க்யூஎல் # குறிகளுக்குள் இருப்பதை ரீஜனல் செட்டிங் பார்த்துப் படிப்பதில்லை. முதலில் மாதம், பிறகு நாள் என்ற அமெரிக்க வரிசையில்தான் படிக்கும். 06-03 என்றால் ஜூன் 3.

அப்படியென்றால் மார்ச் 18 ஏன் சரியாக வந்தது? 18-ஆம் மாதம் என்று ஒன்று இல்லை. அந்த இடத்தில் பிழை காட்டி நிற்பதற்குப் பதிலாக, அக்செஸ் தானாகவே வரிசையை மாற்றிப் படித்து மார்ச் 18 என்று ஏற்றுக்கொள்கிறது. இந்தத் தாராளம்தான் எல்லாத் தொல்லைக்கும் காரணம். பிழைச் செய்தி வராது. மாதக் கடைசியில் சோதித்துப் பார்த்தவர்களுக்கு எல்லாம் சரியாகவே தெரியும். ஒவ்வொரு மாதமும் முதல் பன்னிரண்டு நாட்களில், நாளும் மாதமும் ஒரே எண்ணாக இருக்கும் ஒரு நாள் தப்பிக்கும், மீதிப் பதினொன்றும் மாறும். ஆண்டுக்கு 132 நாட்கள்.

குவெரி டிசைன் கட்டத்தில் தட்டிப் பார்ப்பவர்களுக்கு இன்னொரு குழப்பம் இருக்கிறது. கட்டத்தில் 06/03/2024 என்று தட்டினால் அக்செஸ் அதை ரீஜனல் செட்டிங்கின்படி மார்ச் 6 என்றே எடுத்துக்கொள்ளும். அதே குவெரியை எஸ்க்யூஎல் வியூவில் திறந்தால் #3/6/2024# என்று மாறியிருக்கும். கட்டத்தில் சரியாக ஓடுகிறதே என்று அதே வரிசையை விபிஏ-வில் எழுதினால் மாட்டிக்கொள்வீர்கள்.

இதற்குச் சரியான தீர்வு, தேதியை எழுத்தாக மாற்றாமலே அனுப்புவது. குவெரியின் தலையில் பாராமீட்டர்ஸ் வரி எழுதி, வந்த நேரத்துக்கான பாராமீட்டரை டேட்டைம் வகை என்று அறிவியுங்கள். விபிஏ-வில் அந்த குவெரியை குவெரிடெஃப் ஆகத் திறந்து, பாராமீட்டருக்கு ரிசீவ்டுடைம் மதிப்பை நேராகக் கொடுத்து எக்ஸிக்யூட் செய்யுங்கள். அல்லது ரெக்கார்டுசெட் திறந்து ஆட்நியூ போட்டு, ஃபீல்டில் மதிப்பை வைத்து அப்டேட் செய்யுங்கள். இரண்டிலும் தேதி எண்ணாகவே போய்ச் சேரும். இடையில் யாரும் அதை வாசித்துப் பொருள் கொள்ள வேண்டியதில்லை. மெயிலின் சப்ஜெக்ட் வரியில் வரும் ஒற்றை மேற்கோள் குறியால் இன்சர்ட் வரி உடைவதும் கூடவே நின்றுபோகும்.

கட்டாயம் எழுத்தாகத்தான் ஒட்ட வேண்டும் என்றால் #2024-03-06 00:40:00# என்ற வடிவம்தான் பாதுகாப்பு. ஆண்டு முன்னால் வந்தால் அக்செஸுக்கு இரண்டு பொருள் கிடையாது. ஃபார்மட் ஃபங்ஷனில் இதைத் தயாரிக்கும்போது, #, கோடு, முக்காற்புள்ளி ஒவ்வொன்றுக்கும் முன்னால் பின்சாய்வுக் கோடு போடுங்கள். காரணம் இருக்கிறது: ஃபார்மட் வரைவில் / என்பது சாய்வுக் கோடு அல்ல, ‘விண்டோஸ் சொல்லும் தேதிப் பிரிப்பானைப் போடு’ என்ற கட்டளை. முக்காற்புள்ளி அப்படியே நேரப் பிரிப்பான். ஜெர்மன் அமைப்பிலுள்ள கம்ப்யூட்டரில் / இருந்த இடத்தில் புள்ளி வந்து விழும், எஸ்க்யூஎல் வரி உடையும். நிமிடத்துக்கு இரட்டை ‘என்’ எழுத்தைப் பயன்படுத்துங்கள். இரட்டை ‘எம்’ மணிக்கு அடுத்து வந்தால் மட்டுமே நிமிடம், வேறெங்கு வந்தாலும் மாதம்.

டேபிள் அக்செஸிலேயே இல்லாமல் எஸ்க்யூஎல் சர்வரில் இருந்தால் ஒரு கூடுதல் எச்சரிக்கை. அங்கே டேட்டைம் வகைக்கு 2024-03-06 கூட, லாகினின் மொழி பிரிட்டிஷ் ஆங்கிலமாக இருந்தால் ஜூன் 3 ஆகப் படிக்கப்படும். கோடே இல்லாமல் 20240306 என்று எழுதினால்தான் அங்கே ஐயம் இல்லை. டேட்டைம்2 வகை ஃபீல்டைப் பழைய ஓடிபிசி டிரைவர் (அக்செஸை வேறு டேட்டாபேஸோடு இணைக்கும் நிரல்) வழியாக லிங்க் செய்தால், அக்செஸ் அதை எழுத்தாகவே காட்டும். புதிய டிரைவருக்கு மாற்றி மறுபடி லிங்க் செய்ய வேண்டும்.

அடுத்தது பவர் ஆட்டோமேட் வழி. அது தரும் வந்த நேரம் யூடிசி-யில் இருக்கும். தேதிக்கும் நேரத்துக்கும் நடுவே ‘டி’ என்ற ஆங்கில எழுத்து, கடைசியில் ‘இசட்’ என்ற எழுத்தோ +00:00 என்பதோ வரும். அந்தக் கடைசிக் குறிதான் ‘இது யூடிசி’ என்று சொல்லும் ஒரே அடையாளம். எழுத்தைத் தேதியாக மாற்றும் சிடேட் ஃபங்ஷன் இந்த வடிவத்தை ஏற்காமல் பிழை காட்டும். உடனே ரீப்ளேஸ் போட்டு டி-க்குப் பதில் ஒரு இடைவெளி வைத்து, இசட்-டையும் நீக்கிவிட்டு சிடேட்டில் கொடுப்பது வழக்கமாக எல்லோரும் செய்வது. பிழை போய்விடும், கூடவே அடையாளமும் போய்விடும். 19:10 என்பது திருப்பூர் இரவு 7.10 என்று பதிவாகும். ஐரோப்பாவில் மாலையிலும் அமெரிக்காவில் மதியத்துக்கு மேலும் அனுப்பும் மெயில்கள் நமக்கு நள்ளிரவுக்குப் பிறகு வந்து சேர்பவை. 12-லிருந்து 5.30-க்குள் வரும் ஒவ்வொன்றும் இதனால் முந்தைய நாளுக்குப் போய்விடும். பகல் மெயில்களில் தேதி மாறாது, மணி மட்டும் மாறும். அதனால்தான் சிலவற்றை மட்டுமே கவனித்திருக்கிறீர்கள். உண்மையில் அந்த வழியில் வந்த அத்தனையும் 330 நிமிடம் பின்னால் இருக்கின்றன.

மாற்றும் முறை: எழுத்துத் தொடரை வெட்டி எடுங்கள். முதல் நான்கு இடம் ஆண்டு, 6-ஆம் இடத்திலிருந்து இரண்டு மாதம், 9-லிருந்து இரண்டு நாள், 12-லிருந்து மணி, 15-லிருந்து நிமிடம், 18-லிருந்து வினாடி. முதல் மூன்றை டேட்சீரியல் ஃபங்ஷனிலும் அடுத்த மூன்றை டைம்சீரியலிலும் கொடுத்துக் கூட்டினால் யூடிசி நேரம் கிடைக்கும். ரீஜனல் செட்டிங் எதுவாக இருந்தாலும் இது மாறாது. இந்திய நேரம் வேண்டும் இடத்தில் டேட்ஆட் ஃபங்ஷனில் 330 நிமிடம் கூட்டுங்கள். 5.5-ஐ 24-ஆல் வகுத்துக் கூட்ட வேண்டாம். தசமப் பிசிறு சேர்ந்து, பிறகு இரண்டு நேரங்களைச் சமக்குறி போட்டு ஒப்பிடும்போது பொருந்தாமல் போகும். எக்ஸெல் ஃபைலில் அந்த ஃபீல்டு எழுத்தாகவே இருக்கட்டும். அங்கே யாராவது செல்லை அமுக்கி எண்டர் தட்டினால் எக்ஸெல் தன் பங்குக்கு ஒரு விளக்கம் கொடுக்கும்.

பவர் ஆட்டோமேட்டிலேயே கன்வர்ட் டைம் ஸோன் என்ற படியைச் சேர்த்து இந்திய நேரமாக மாற்றி அனுப்பலாமே என்று கேட்பீர்கள். அனுப்பலாம், வேலை செய்யும். ஆனாலும் டேபிளில் யூடிசி-யை வைத்துக்கொண்டு, குவெரியில் மட்டும் இந்திய நேரமாக மாற்றிக் காட்டுவதையே நான் பரிந்துரைப்பேன். இரண்டு நாட்டு பையர்கள் உங்களுக்கு. அமெரிக்காவில் கோடைக்கால நேரம் மார்ச் இரண்டாம் ஞாயிறு தொடங்கும், ஜெர்மனியில் கடைசி ஞாயிறு. 2024-இல் மார்ச் 10-க்கும் 31-க்கும் இடையில் நியூயார்க்குக்கும் பெர்லினுக்கும் உள்ள இடைவெளி ஆறு மணி அல்ல, ஐந்து. ‘ஜெர்மனி என்றால் நாலரை மணி கழி’ என்று குவெரியில் எழுதி வைத்தால் ஏப்ரலில் அது மூன்றரை ஆகிவிடும். யூடிசி-யில் வைத்தால் பதில் நேரக் கணக்குக்கு இந்தத் தலைவலி எதுவும் இல்லை. கழித்தால் போதும். (இந்தியாவில் கோடைக்கால நேரம் இல்லாததால் 330 என்றும் 330-தான். இலங்கை வாசகர்கள் பழைய மெயில்களைச் சேர்ப்பதாக இருந்தால், 2006 ஏப்ரல் 15-க்கு முன் அங்கே ஆறு மணி நேர வித்தியாசம் இருந்ததை மறக்க வேண்டாம்.)

மேக்ரோ பக்கமும் இதற்கு ஒத்துப்போக வேண்டும். அவுட்லுக் மெயில் ஆப்ஜெக்ட்டின் ரிசீவ்டுடைம், சென்ட்ஆன் இரண்டும் உள்ளூர் நேரத்தைத் தரும். அதே தகவலை, மெயிலின் உள் விவரங்களைப் படிக்கும் ப்ராப்பர்ட்டிஆக்ஸஸர் வழியாக எடுத்தால் யூடிசி வரும். மேக்ரோவின் ஒரு பகுதி ஒன்றையும் இன்னொரு பகுதி மற்றதையும் பயன்படுத்தினால் ஒரே டேபிளில் இரண்டு கடிகாரம் ஓடும். ப்ராப்பர்ட்டிஆக்ஸஸரிலேயே உள்ளூர் நேரத்தை யூடிசி ஆக்கும் லோக்கல்டைம்டுயூடிசி ஃபங்ஷன் இருக்கிறது, அதையே பயன்படுத்துங்கள். ரெஸ்ட்ரிக்ட் போட்டு மெயில்களை வடிகட்டினாலும் இதே கதைதான்: சாதாரண ஜெட் வகை வடிகட்டி உள்ளூர் நேரத்தில் ஒப்பிடும், வினாடியைக் கணக்கில் கொள்ளாது, டிஏஎஸ்எல் வகை யூடிசி-யில் ஒப்பிடும். ‘கடைசியாக எடுத்த நேரத்துக்குப் பிந்தையவை’ என்று வடிகட்டும்போது எல்லையில் சில மெயில்கள் விடுபடுவதும் இரண்டு முறை வருவதும் இதனால்தான். பத்து நிமிடம் முன்னதாகவே தொடங்கி எடுங்கள், இரட்டிப்பை மெசேஜ்-ஐடி பார்த்துத் தடுங்கள்.

மெசேஜ்-ஐடி என்பது ஹெடரில் இருக்கும், மெயிலுக்கே உரிய அடையாளத் தொடர். டேபிளில் அதற்கு ஒரு ஃபீல்டு வைத்து, டூப்ளிகேட் கூடாது என்று இண்டெக்ஸ் போடுங்கள். அவுட்லுக் தரும் என்ட்ரிஐடி போதாது, மெயிலை இன்னொரு பிஎஸ்டி-க்கு (அவுட்லுக் மெயில்களைச் சேமிக்கும் ஃபைல்) நகர்த்தினால் அது மாறிவிடும். அக்செஸின் எக்ஸ்டர்னல் டேட்டா தாவலிலிருந்து அவுட்லுக் ஃபோல்டரை நேராக லிங்க் செய்யும் வழியை நீங்கள் நாடாததும் நல்லதே. அந்த லிங்க் டேபிளில் இந்த இரண்டு அடையாளங்களுமே வருவதில்லை, எந்த மெயில் எது என்று உறுதியாகச் சொல்ல வழி இருக்காது. அவுட்லுக்கிலிருந்து சிஎஸ்வி-யாக ஏற்றுமதி செய்யும் வழி இன்னும் மோசம். மெயில் ஃபோல்டருக்கு அது வந்த தேதியையே தருவதில்லை.

4501 பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. தேதி இல்லை என்பதை அவுட்லுக் 4501 ஜனவரி 1 என்று குறிக்கிறது. அனுப்பாத மெயிலுக்கு சென்ட்ஆன் இதைத்தான் தரும். மேக்ரோவில் ஆண்டு 4501 என்றால் ஃபீல்டில் ‘நல்’ (மதிப்பே இல்லை என்ற குறி) வையுங்கள். சுழியம் வைத்துவிடாதீர்கள், அது 1899 டிசம்பர் 30 ஆகும், சராசரிக் கணக்கைத் தலைகீழாக்கும்.

சர்வர் மாற்றிய பழைய மெயில்களுக்கு இரண்டு காரணம் இருக்கலாம். மேக்ரோ கிரியேஷன்டைமையோ லாஸ்ட்மாடிஃபிகேஷன்டைமையோ எடுத்தால், மெயிலை நகலெடுத்த நாள் வந்து நிற்கும். ரிசீவ்டுடைமுக்கு மாற்றினால் தீரும். ரிசீவ்டுடைமே மாற்றிய நாளைக் காட்டினால், ஐமேப் என்ற மெயில் நெறிமுறை வழியாக நகர்த்தும்போது, மெயில் வந்த நாள் என்று பழைய சர்வர் தன்னிடம் குறித்து வைத்திருந்த உள்தேதி கொண்டுவரப்படவில்லை. ஹெடர் பெரும்பாலும் அப்படியே இருக்கும். மேலே சொன்ன முதல் ‘ரிசீவ்டு’ வரியில், அரைப்புள்ளிக்குப் பின்னால் இருக்கும் தேதியை எடுத்து யூடிசி ஆக்கிப் பதியுங்கள். ஹெடரின் ‘டேட்’ வரியைக் கடைசி வழியாக வைத்துக்கொள்ளுங்கள். அது அனுப்பியவரின் கம்ப்யூட்டர் கடிகாரத்தை நம்பியது. அந்தக் கடிகாரம் தவறினால், அனுப்பும் முன்பே வந்து சேர்ந்த மெயில்கள் உங்கள் டேபிளில் தோன்றும்.

இனி ஏற்கெனவே கெட்டுப்போன ரெக்கார்டுகள். மெயில்கள் அவுட்லுக்கில் இன்னும் இருந்தால் வேறு யோசனையே வேண்டாம். திருத்திய மேக்ரோவை வைத்துப் புதிய டேபிளில் எல்லாவற்றையும் மறுபடி எடுங்கள். அழிந்துபோன மெயில்களுக்கு மட்டும் கணக்குப் போட்டுத் திருத்தலாம். அதற்கு முன் எந்த ரெக்கார்டு எந்த வழியில் வந்தது என்பது தெரிந்தாக வேண்டும். டேபிளில் ‘வழி’ என்று ஒரு ஃபீல்டு சேர்த்து நிரப்புங்கள். இடம் மாறிய தேதிகள் தம் தடத்தை விட்டுத்தான் போயிருக்கும். உங்கள் மெயில்கள் ஜனவரி முதல் மார்ச் வரை வந்தவை என்று வைத்துக்கொள்வோம். மாதத்தையும் நாளையும் தொகுத்து எண்ணிப் பாருங்கள்: ஏப்ரல் முதல் டிசம்பர் வரை ஒவ்வொரு மாதத்திலும் 1, 2, 3 தேதிகளில் மட்டும் மெயில்கள் இருக்கும், மற்ற நாட்கள் வெறுமையாக இருக்கும். அவை எல்லாம் மேக்ரோ வழியில் வந்தவை.

மேக்ரோ வழி ரெக்கார்டுகளில் நாள் 12-க்குள் இருப்பவற்றை மட்டும், டேட்சீரியலில் ஆண்டு, நாள், மாதம் என்று வரிசை மாற்றிக் கொடுத்து, டைம்வேல்யூ கொண்டு பழைய நேரத்தைக் கூட்டித் திருத்துங்கள். எதிர்காலத் தேதிகளை மட்டும் திருத்தினால் போதாது. பிப்ரவரி 1 மெயில் ஜனவரி 2 ஆகப் பதிந்திருக்கும், பார்வைக்கு நியாயமான தேதியாகவே தெரியும். அதேபோல் இந்த அப்டேட் குவெரியை இரண்டு முறை ஓட்டினால் முதல் முறை சரிசெய்தது மறுபடி கெட்டுவிடும். ‘திருத்தியது’ என்று ஆம்/இல்லை ஃபீல்டு ஒன்று வைத்து, அது ‘இல்லை’ என்றிருக்கும் ரெக்கார்டுகளை மட்டும் குவெரி தொடும்படி எழுதுங்கள், அதே குவெரியிலேயே அதை ‘ஆம்’ ஆக்குங்கள். பழைய மதிப்பையும் தனி ஃபீல்டில் விட்டுவையுங்கள். இது முடிந்தபின் மேக்ரோ ரெக்கார்டுகளில் 330 நிமிடம் கழித்து யூடிசி ஆக்க வேண்டும். பவர் ஆட்டோமேட் ரெக்கார்டுகளுக்கு, நேரம் ஏற்கெனவே யூடிசி என்பதால், ஃபீல்டின் பெயரை மாற்றினாலே வேலை முடிந்தது. ஆனால் அவற்றிலும் சிடேட் வழியாக நாள்–மாதம் புரண்டிருக்கிறதா என்று உங்கள் மாதிரி மெயில்களில் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

தேதி சரியானபின்னும் அறிக்கையில் இரண்டு இடம் காலை வாரும். ‘மார்ச் 1 முதல் மார்ச் 7 வரை’ என்று பிட்வீன் போட்டால், மார்ச் 7 என்பது அன்று நள்ளிரவு 00:00 மட்டுமே. அன்றைய மெயில்கள் முழுக்க விடுபடும். மார்ச் 1 அல்லது அதற்குப் பின், மார்ச் 8-க்கு முன் என்று எழுதுங்கள். எல்லைகளை இந்திய நாளின்படி வைத்து யூடிசி ஃபீல்டில் தேடுவதானால், எல்லையிலிருந்தும் 330 நிமிடம் கழிக்க வேண்டும். இரண்டாவது, டேட்டிஃப் ஃபங்ஷனில் மணி என்று கேட்டால் அது முழு மணிகளை எண்ணாது, எத்தனை மணி எல்லைகளைத் தாண்டியது என்றே எண்ணும். 9.59-க்கு வந்த மெயிலுக்கு 10.01-க்குப் பதில் போட்டால் ஒரு மணி நேரம் என்று காட்டும். நிமிடத்தில் எடுத்து 60-ஆல் வகுங்கள். வந்த மெயிலுக்கு ரிசீவ்டுடைம், உங்கள் பதிலுக்கு சென்ட்ஆன் என்று எடுத்தால் கணக்கு நேர்மையாக இருக்கும்.

இன்னொன்று, விண்டோஸின் புதிய அவுட்லுக்கில் விபிஏ மேக்ரோ ஓடாது. அலுவலகத்தில் யாராவது மேலே உள்ள மாற்று பொத்தானை அழுத்தி அதற்கு மாறினால், மேக்ரோ வழி சத்தமில்லாமல் நின்றுவிடும். கடைசி மெயில் பதிந்து 24 மணி நேரம் ஆகிவிட்டதா என்று பார்க்கும் ஒரு குவெரியைத் தொடக்கப் படிவத்தில் வைத்துவிடுங்கள்.

அளந்து பார்த்ததில் 330, 750, 810 எதற்கும் பொருந்தாத வித்தியாசம் வந்தால், அந்த மெயிலின் ஹெடரில் உள்ள நேர வரிகளையும், சிடிபிஎல் தந்த எண்ணையும், அது வந்த வழியையும் எழுதி அனுப்புங்கள். பெயர்களையும் மெயில் முகவரிகளையும் நீக்கிவிட்டு அனுப்புங்கள்.